மருதாணித் தொப்பிக்குள் ஒரு நகம்

அந்த நகம் மஞ்சளானபோது நான் பழி போட்டது மருதாணி மேல்தான்.

வேறு எதன் மேல் போடுவேன்? பதினோரு வருடமாகக் குவைத்தில், இந்த அப்பாசியாவில், வீட்டிலிருந்தபடி மருதாணி வைத்துவிடுகிறவள் நான். என் கணவர் ஜமால் பக்கத்துத் தெரு பகாலாவில் நிற்கிறார். பகாலா என்றால் நம்மூர் மளிகைக் கடைதான், கொஞ்சம் குளிரூட்டியது. மகள் அஃப்ரா இந்தியப் பள்ளியில் பத்தாவது படிக்கிறாள். கல்யாணம், வளைகாப்பு, பெருநாள் என்று எது வந்தாலும் பெண்கள் எங்கள் மூன்றாவது மாடிக்கு ஏறி வருவார்கள். "நூர் லாத்தா கை வச்சா மூணு வாரம் போகாது" என்று என்னை அக்கா முறை வைத்துச் சொல்லிக்கொள்வார்கள். அதைக் கேட்டு எனக்குத் தலைக்கனம் உண்டு. மறைப்பானேன்.

எங்களில் நகப்பூச்சு போட்டுக்கொண்டு தொழ முடியாது. தொழுமுன் கை கால் முகம் கழுவி ஒளு செய்யும்போது தண்ணீர் நகத்தைத் தொட வேண்டும், பூச்சு அதைத் தடுத்துவிடும். மருதாணி வெறும் நிறம், தண்ணீரைத் தடுக்காது. அதனால் நகத்தை அழகுபடுத்த எங்களுக்கு இருக்கிற ஒரே வழி மருதாணித் தொப்பி. விரல் நுனியை நகத்தோடு சேர்த்து, முதல் கணு வரை முழுக்க அப்பிவிடுவது. நன்றாகச் சிவந்தால் அதற்குள் நகம் எங்கே முடிகிறது, சதை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது.

எனக்குச் சர்க்கரை உண்டு. அஃப்ரா வயிற்றில் இருந்தபோது வந்தது, அவள் பிறந்ததும் போய்விட்டது. அவளுக்கு எட்டு வயதானபோது திரும்ப வந்து நிரந்தரமாகத் தங்கிக்கொண்டது. மாத்திரை போடுவேன். சில நாள் மறப்பேன். கிளினிக்கில் ஊசி குத்திப் பார்க்கும் வாரம் மட்டும் பேரீச்சம்பழத்தைத் தொடமாட்டேன். மூன்று மாதத்துச் சர்க்கரையை மொத்தமாகச் சொல்லிவிடுகிற ஒரு பரிசோதனை இருக்கிறது என்றும், ஒரு வாரப் பத்தியம் அதனிடம் செல்லாது என்றும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

இடது கால் பெருவிரல் நகம் முதலில் ஓரத்தில் மஞ்சளானது. பழைய மருதாணிக் கறை என்று நினைத்தேன். பிறகு தடித்தது. நகவெட்டிக்குள் நுழையவில்லை. வெட்டினால் சீவலாக வராமல் சுண்ணாம்புப் பொடியாக உதிர்ந்தது. சொத்தை நகம், எல்லோருக்கும் வருவதுதானே என்று விட்டுவிட்டேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது, அது நோயைப் பற்றியதல்ல. மருதாணி வைக்கிறவளுடைய நகமே இப்படி இருந்தால் எவள் என்னிடம் கை நீட்டுவாள்? அதனால் அதை மூடினேன். நிறம் வெளுக்க வெளுக்க மறுபடி தொப்பி போட்டேன். மூன்று வருடம் என் காலில் அந்த நகத்தை யாரும் பார்க்கவில்லை. நானும்தான்.

போன நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் வீட்டில் கூட்டம். ஹாலில் பாயை விரித்து உட்கார்ந்தவள் பிற்பகல் அசர் தொழுகைக்கும் நோன்பு திறக்கவும் மட்டுமே எழுந்தேன். எல்லோரும் போனபின் மிச்சம் இருந்த விழுதை என் கால்களில் அப்பிக்கொண்டு, பிளாஸ்டிக் பை சுற்றி, மேலே சாக்ஸ் மாட்டிப் படுத்துவிட்டேன். அப்படி வைத்தால்தான் கருஞ்சிவப்பாக வரும்.

காலையில் காய்ந்த மருதாணியைச் சுரண்டியபோது பெருவிரல் நகம் அதோடு சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்தது. பாதி நகம், மூடி திறந்த மாதிரி. அடியில் ஈரமாக இருந்தது. வலிக்கவே இல்லை. வலிக்காததில் எனக்குச் சந்தோஷம்கூட. நகத்தைத் திரும்ப அழுத்தி வைத்துவிட்டுப் புதுச்சேலை கட்டிப் போய்விட்டேன். விரல்கள் பத்தும் அவ்வளவு அழகாகச் சிவந்திருந்தன. "உனக்குச் சிவக்காம யாருக்குச் சிவக்கும்" என்று ஜமால் கேலி செய்தார்.

ஐந்தாம் நாள் அஃப்ரா சோபாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"உம்மா, என்ன ஸ்மெல் இது?"

"தைலம்டி. மருதாணியில ஊத்துறது."

"நோ உம்மா. ஃப்ரிஜ்ல மீன் கெட்டுப்போச்சுல்ல அன்னிக்கு, அது மாதிரி இருக்கு."

குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். குளியலறைத் தொட்டியைக் கழுவினேன். குப்பையைக் கொண்டுபோய்க் கீழே போட்டேன். திரும்பப் படியேறும்போது உடம்பு உதறியது. சித்திரை வெயிலில் எனக்குக் குளிர் எடுத்தது. வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றினேன். நாற்றம் என்னிடமிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

கிளினிக்கில் விரலில் குத்திப் பார்த்த கருவி எண் காட்டவில்லை, 'மிக அதிகம்' என்ற எழுத்தைத்தான் காட்டியது. அங்கே இருந்த டாக்டர் என் காலைப் பத்து வினாடிகூடப் பார்க்கவில்லை. ஒரு தாளில் கிறுக்கி, பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு உடனே போகச் சொன்னார். ஜமால் கடையைப் பக்கத்து ஆளிடம் விட்டுவிட்டு டாக்ஸி பிடித்து வந்தார். வழி நெடுக என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். அவர் வெளியிடத்தில் அப்படிச் செய்கிற ஆளே இல்லை. அதுதான் என்னை முதலில் பயமுறுத்தியது.

காத்திருக்கும் இடத்தில் பெண்கள் பக்கம் தனி. கையில் நம்பர் சீட்டோடு உட்கார்ந்திருந்தேன். எதிரில் ஒரு வயதான குவைத்திப் பெண்மணி என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, "ஹெலு, ஹெலு! மாஷா அல்லாஹ்!" என்றார். அழகு என்று சொல்கிறார். காலையும் காட்டச் சொல்லிச் சைகை செய்தார். நான் காலை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

உள்ளே என் பெயரைக் கூப்பிட்டவள் தமிழ் நர்ஸ். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரி, பெயர் ஸ்டெல்லா. அவளைப் பார்த்ததும் பாதி உயிர் வந்தது. என் விரலில் கிளிப் மாதிரி ஒன்றை மாட்டினாள், இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று பார்ப்பதாம். அது எண்ணைக் காட்டாமல் தடுமாறியது.

"எக்கா, மருதாணி சமர்த்தா வச்சிருக்கிய. மெஷினுக்கு உள்ள வெளிச்சம் போவல, கேட்டியளா" என்று சொல்லி அதைக் கழற்றிக் காது மடலில் மாட்டினாள். நான் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்தது அவ்வளவுதான்.

டாக்டர் எகிப்துக்காரர், நரைத்த மீசை, குரலை உயர்த்தாத மனிதர். காலைப் பார்த்ததும், "வலி?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரபியில், இல்லை என்பதற்கு, "மாஃபி, மாஃபி" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன், தாங்குகிற பெண் என்று நினைக்கட்டுமே என்று. அவர் முகம் அந்தச் சொல்லில்தான் இருண்டது.

பெருவிரலை அழுத்தினார், விட்டார். மறுபடி அழுத்தினார், விட்டார். ஸ்டெல்லாவிடம் ஏதோ கேட்டார். அவள் எனக்கு விளக்கினாள். நகத்தை அழுத்தினால் வெளுக்க வேண்டும், விட்டதும் இரத்தம் ஓடிவந்து சிவக்க வேண்டும். விரலுக்கு இரத்தம் வருகிறதா என்று பார்க்க அதுதான் எளிய வழி. என் விரல் அழுத்தினாலும் சிவப்பு, விட்டாலும் சிவப்பு. நுனியில் கறுப்பாக ஒரு திட்டு இருந்தது. அது மருதாணியா, செத்த சதையா?

"எக்கா, இது எப்பப் போவும்?"

"மூணு வாரம் ஆகும்" என்றேன். எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் அந்தச் சொல்லை.

ஸ்டெல்லா ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தாள். வேறு ஏதோ திரவம் போட்டுத் தேய்த்தாள். பஞ்சு பஞ்சாகப் போனது, நிறம் அசையவில்லை. என் கைராசியை நான் சபித்தது அன்றுதான்.

பிறகு டாக்டர் மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றை எடுத்தார், முனை மழுங்கியது. தூக்கியிருந்த நகத்தின் அடியில் இருந்த புண்ணுக்குள் அதை மெதுவாக விட்டார். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் கேட்டது. ஓட்டில் கரண்டி தட்டுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம்.

"அது என்னம்மா சத்தம்?"

ஸ்டெல்லா என் தோளில் கை வைத்தாள். "எலும்புக்கா."

கம்பி எலும்பைத் தொட்டால் கிருமி எலும்பு வரைக்கும் போயிருக்க வாய்ப்பு மிக அதிகம் என்று அர்த்தமாம். எக்ஸ்ரேயும் அதையே சொன்னது. பெருவிரலின் நுனி எலும்பு ஓரத்தில் அரித்திருந்தது. அப்போதுதான் கதையே எனக்கு விளங்கியது, அதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். நகத்தில் முதலில் வந்தது பூஞ்சை. ஒளு செய்த ஈரத்தைத் துடைக்காமல் சாக்ஸ் மாட்டுகிற காலில், சர்க்கரை உள்ள காலில், அது சௌகரியமாக வளரும். பூஞ்சை மட்டும் யாரையும் இந்த நிலைக்குக் கொண்டுவராது. அது நகத்தைத் தடிக்க வைக்கும். தடித்த நகம் செருப்புக்கும் எலும்புக்கும் நடுவே கல் மாதிரி அழுத்திப் புண்ணாக்கும். சாதாரண ஆளுக்கு வலிக்கும், பார்ப்பார்கள். சர்க்கரைக்காரிக்கு நரம்பு மரத்திருக்கும், வலிக்காது. திறந்த புண்ணில் வேறு கிருமி நுழையும். அது கீழே போகும், பிறகு மேலே ஏறும்.

கால் எவ்வளவு மரத்திருக்கிறது என்று பார்க்க ஸ்டெல்லா ஒரு நைலான் இழையை எடுத்தாள், ஒரு பிடியில் பொருத்தியது.

"எங்கப்பா தூண்டில்ல கட்டுத நரம்பு அப்பிடியே இதான். கண்ண மூடுங்கக்கா. நான் தொடும்போ 'ம்' சொல்லுங்க."

வலது காலில் இரண்டு மூன்று இடத்தில் தெரிந்தது. இடது காலுக்கு வந்தாள். நான் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. பரீட்சையில் தோற்கிற பயம் எனக்கு. இந்நேரம் தொட்டிருப்பாள் என்று கணக்குப் போட்டு "ம்" என்றேன். கொஞ்சம் விட்டு மறுபடி "ம்" என்றேன்.

"எக்கா" என்றாள். கண்ணைத் திறந்தேன். அவள் இழையைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் இன்னும் தொடவேயில்ல. என்ட்ட பாஸ் ஆயி என்ன செய்யப் போறிய? இது உங்க காலு."

எனக்கு அழுகை வந்தது. மூன்று வருடம் ஊரை ஏமாற்றிய பழக்கம், உயிர் போகிற இடத்திலும் விடவில்லை.

அன்றே படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். கையில் ஊசி, அதன் வழியே மருந்து, வயிற்றில் இன்சுலின். டாக்டர் ஒரு நீலப் பேனாவால் என் புறங்காலில் கோடு போட்டார். மருதாணி இல்லாத இடத்தில், சிவப்பும் சூடும் எங்கே முடிகிறதோ அங்கே. பக்கத்தில் நேரத்தை எழுதினார். விரல்களுக்கு இரண்டு அங்குலம் மேலே இருந்தது அது. சிவப்பு இந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் நல்லது. கணுக்காலைத் தாண்டினால் விரலைப் பற்றிப் பேசிப் பிரயோசனம் இல்லை, பாதத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். ஸ்டெல்லா இதைத் தமிழில் சொன்னபோது ஜமால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலையில் சிவப்பு கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை ஏறியிருந்தது. டாக்டர் இரண்டாவது கோடு போட்டார்.

அந்த வார்டின் பகல்கள் எனக்கு இப்போதும் கனவில் வருகின்றன. ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே தூசுக் காற்று, உள்ளே உறைகிற குளிர். நான் போர்வையை விலக்கி விலக்கிக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை. கடிகாரம் பார்க்கிற மாதிரி காலைப் பார்த்தேன். விரல்கள் என்னவோ கல்யாணப் பெண்ணின் விரல்களாகவே இருந்தன.

அன்று மாலை பார்வையாளர் நேரத்தில் ரஹ்மத் லாத்தா வந்தார். அவரைச் சொல்ல வேண்டும். எங்கள் கட்டடத்திலேயே முதல் மாடி. எங்கள் ராமநாதபுரம் கரைக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கணவர் இல்லை. மகன் ஷம்சு எண்ணெய் வயல் பக்கம் கேம்பில் டியூட்டி, வாரம் ஒரு முறைதான் வருவான். சர்க்கரை அவருக்கு இருபது வருடப் பழக்கம். எனக்கு முதல் வாடிக்கைக்காரரும் அவர்தான். காலை என் மடியில் போட்டு, "நல்லா கருக்க அப்பிவிடு நூரு, நகமே தெரியக் கூடாது" என்பார். நகமே தெரியாமல் அப்பிவிட்டிருக்கிறேன், பதினோரு வருடம்.

தூக்குச் சட்டியில் கஞ்சி கொண்டுவந்திருந்தார். ஸ்பூனால் ஊட்டிவிட்டார். "ரொம்ப நோவுதா புள்ள?"

"நோவல லாத்தா. நோவாததுதான் வியாதியாம்."

ஸ்பூன் பாதியில் நின்றது. பிறகு அவர் கால்கள் நாற்காலிக்கு அடியில் மெதுவாகப் பின்னால் போவதைப் பார்த்தேன். வெளியே அடிக்கிற வெயிலுக்கும் தடித்த சாக்ஸ் போட்டு வந்திருந்தார். முந்தின நாள் நான் அதே மாதிரி காலை இழுத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது.

"லாத்தா, உங்க கால ஒருக்கா காட்டுங்க. இங்கயே டாக்டர் இருக்காரு."

"சும்மா கெட. ஒனக்கு வந்தா ஊருக்கே வந்துருச்சா?"

"லாத்தா..."

"நூரு." குரலைத் தாழ்த்தினார். "ஷம்சு காதுல மட்டும் இதப் போட்டுறாதே. ஒடம்பு சரியில்லன்னா அடுத்த பிளேன்லயே ஊருக்கு ஏத்தி விட்டுருவான். அங்க எனக்கு யாரு இருக்கா, சொல்லு? பூட்டுன வீடு."

அவர் போனபின் டாக்டர் வந்து என்னிடம் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். வீட்டில் யாருக்காவது இப்படி நகம் உண்டா, நகவெட்டியை வேறு யாராவது பயன்படுத்துகிறார்களா? வாய் வரை வந்த பதிலை விழுங்கினேன். என் மருதாணிப் பெட்டியில் ஒரு நகவெட்டி, ஒரு அரம், நக ஓரத்தைச் சுத்தம் செய்ய ஒரு குச்சி. யார் வந்தாலும் அதே மூன்றுதான். மணப்பெண்ணுக்கும் அதுதான், ரஹ்மத் லாத்தாவுக்கும் அதுதான், கடைசியில் எனக்கும் அதுதான். அவரிடமிருந்து எனக்கு வந்ததா, என்னிடமிருந்து அவருக்குப் போனதா, எங்கள் இருவரிடமிருந்தும் இன்னும் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறது? படுத்தபடி ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். என் காலை எடுத்தாலும் பரவாயில்லை, இதை யாரும் கேட்டுவிடக் கூடாது என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. அவ்வளவு வெட்கம்.

மூன்றாம் நாள் காலை மூன்றாவது கோடு. கணுக்காலுக்கு மூன்று விரற்கடைதான் மிச்சம்.

டாக்டர் காத்திருக்கவில்லை. கர்ப்பிணி வயிற்றில் வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்பார்களே, அதன் தம்பி மாதிரி ஒரு சின்னக் கருவியை என் புறங்காலில் வைத்தார். உஸ், உஸ் என்று கேட்டது. பாதத்துக்கு இரத்தம் ஓடுகிறது, அதுவரை நல்லது. பெருவிரலின் நுனி எலும்பையும் கெட்ட சதையையும் எடுத்துவிடுவோம், எடுத்தபின் உள்ளே பார்த்துத்தான் மேலே எவ்வளவு என்று சொல்ல முடியும் என்றார். வெளியே மருதாணி இருப்பதால் வெளியிலிருந்து சொல்ல வழியில்லை.

கையெழுத்துப் போட வேண்டிய தாளில் 'தேவைப்பட்டால் அதற்கு மேலும்' என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. பேனா என் கையில் நின்றுவிட்டது. ஜமாலைப் பார்த்தேன்.

"மச்சான், பாதத்தை எடுத்துட்டா?"

"எடுத்துட்டுப் போவட்டும்" என்றார். "நீ இரு. எனக்கு நீ இருந்தாப் போதும் புள்ள."

பதினேழு வருடக் குடித்தனத்தில் அவர் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கையெழுத்துப் போட்டேன்.

கணுக்காலைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். அது எதற்கு, ஏற்கெனவே மரத்த கால்தானே என்று மனதுக்குள் கசப்பாக நினைத்துக்கொண்டேன். நடுவே ஒரு துணி கட்டிவிட்டார்கள், ஒன்றும் தெரியவில்லை. காதுக்கு யாரும் துணி கட்டவில்லை. எலும்பு வெட்டுப்படும் சத்தம் நகவெட்டிச் சத்தத்தைப் போலவே இருந்தது, அளவில்தான் பெரிது. கலிமா ஓதிக்கொண்டே இருந்தேன். டாக்டர் எதையோ தட்டில் போடும் சத்தம் கேட்டது. பிறகு "கலாஸ்" என்றார். முடிந்தது என்று அர்த்தம். எது முடிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே கொண்டுவரும்போது ஸ்டெல்லா என் தலைமாட்டில் குனிந்தாள்.

"பாதி வெரலுதான் போச்சு எக்கா. அதுக்கு மேல எல்லாம் ரெத்தம் வருது, நல்ல செவப்பா வருது."

இந்த முறை சிவப்பு என்ற சொல் எனக்கு இனித்தது.

நீலக் கோடுகளுக்குக் கீழே சிவப்பு இறங்க மேலும் நான்கு நாள் ஆனது. மொத்தம் பன்னிரண்டு நாள் அங்கே கிடந்தேன். இன்சூரன்ஸில் வராததை ஜமால் எப்படிக் கட்டினார் என்று கேட்டேன். ரசீதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, "ஒன் வேல குணமாகுறது, அதப் பாரு" என்றார். வெட்டி அனுப்பிய நகத்தூளைப் பரிசோதித்துப் பூஞ்சைதான் என்று எழுதி வந்தது. அதற்கு மூன்று மாதம் மாத்திரை. ஈரலைப் பாதிக்கலாம் என்பதால் முதலில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். வலது காலிலும் இரண்டு நகம் அப்படி இருக்கிறது. புது நகம் முழுதாக வளர ஒரு வருடத்துக்கு மேல் ஆகுமாம். அதுவரை அது நல்லதாக வளர்கிறதா, பழையபடி வருகிறதா என்று யாருக்கும் தெரியாது.

வீட்டுக்குக் கிளம்பும்போது ஸ்டெல்லா ஒரு நைலான் இழையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். "வாரத்துக்கு ஒருக்கா யாரயாவது தொட்டுப் பாக்கச் சொல்லுங்க. சும்மா 'ம்' போடப்பிடாது" என்றாள்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அஃப்ரா தரையில் உட்கார்ந்து என் காலை மடியில் எடுத்துக்கொள்கிறாள். விரலிடுக்குகளைத் துண்டால் ஒற்றி எடுத்து, பிறகு இழையால் தொடுகிறாள். "உம்மா, பீ ஆனஸ்ட், ஓகே?" என்று ஒவ்வொரு முறையும் மிரட்டுகிறாள். அவள் வயதில் நான் யார் காலையும் தொட்டதில்லை. இடது காலில் இன்னும் ஒன்றும் தெரியவில்லை. இனித் தெரியாது என்றே டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் கண்ணால் பார்க்க வேண்டும், தினமும், மருதாணி இல்லாத காலை.

பெட்டியையும் நகவெட்டியையும் குப்பையில் போட்டேன். கட்டடத்துப் பெண்களிடம் நடந்ததை நானே சொன்னேன், நகவெட்டி விஷயத்தையும் சேர்த்து. ஒரு பெண் அடுத்த நாளே தன் மகளை டாக்டரிடம் காட்டினாள். இரண்டு பேர் படியில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். திருப்பட்டும். ரஹ்மத் லாத்தா வீட்டுக்கு மட்டும் நான்கு முறை போனேன். நான்கு முறையும் கதவைப் பாதி திறந்து, தொழப் போகிறேன், தூங்கப் போகிறேன் என்று அனுப்பிவிட்டார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது, அவரே மேலே ஏறி வந்தார். கையில் கடையில் வாங்கிய மருதாணிக் குழல். படியேறிய மூச்சு வாங்கியது. இடது கால் கொஞ்சம் இழுத்தது, அது அவருக்கே தெரியாத மாதிரி நடந்தார்.

"யாருக்கும் வைக்க மாட்டேன்னு சொல்லிட்டியாமே. எனக்கு மட்டும் வச்சி விடு புள்ள. ஷம்சு பெருநாளுக்கு வர்றான், கால அப்பிடியே காட்ட முடியாது."

"வைக்கிறேன் லாத்தா. ஒக்காருங்க. சாக்ஸக் கழட்டுங்க."

சோபாவில் உட்கார்ந்தார். நான் என் குட்டை விரல் காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தை மடியில் எடுத்துக்கொண்டேன். நோன்புப் பெருநாளுக்கு நான் வைத்த தொப்பிகள் எப்போதோ வெளுத்திருக்க வேண்டும். ஆனால் விரல்கள் சிவந்திருந்தன. இடையில் அவரே, கண் சரியாகத் தெரியாமல், அப்பிக்கொண்டிருக்கிறார். நடுவிரல் நுனியில் ஒரு திட்டு மட்டும் கறுப்பாக, ஈரமாக மினுங்கியது. குனிந்தேன். எனக்குத் தெரிந்த நாற்றம்.

"மொதல்ல கண்ண மூடுங்க லாத்தா. நான் தொடும்போது 'ம்' சொல்லணும்."

"இது என்னடி புது வெளையாட்டு" என்று சிரித்தபடி கண்ணை மூடிக்கொண்டார். காகிதத்தைப் பிரித்து இழையை எடுத்தேன். பெருவிரலில் வைத்து, இழை வளையும் வரை அழுத்தினேன். அடுத்த விரலில் அழுத்தினேன். குதிகாலில், உள்ளங்காலில், கறுத்த அந்த நடுவிரலில். அவர் முகத்தில் அதே சிரிப்பு. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இடது கையால் ஃபோனை எடுத்து ஷம்சுவின் நம்பரைத் தேடினேன். வலது கையில் இழை அவர் பெருவிரலில் வளைந்தபடியே நின்றது.

"என்ன நூரு, எம்புட்டு நேரம் கண்ண மூடிக்கிட்டே இருக்கச் சொல்றே?" என்றார் ரஹ்மத் லாத்தா. "எப்பத் தொடப் போறே?"